ஓர் ஆணியும் பதினோரு ‘சரிங்க அத்தை’யும்

மேடையில் ஒருவர் கண்கலங்கிப் பத்து வரி பேசி, கீழே இருப்பவர்கள் கைக்குட்டையைத் தேடுகிறார்கள் என்றால், அந்தப் பத்தில் இரண்டு வரியாவது பக்கத்துத் திரைக்குப் பின்னாலிருந்து வந்திருக்கும். அங்கே ஒருவர் கையில் நோட்டோடு நின்றுகொண்டு, மறந்த இடத்தில் முதல் இரண்டு சொல்லை எடுத்துக் கொடுப்பார். நடிகர் காதில் விழ வேண்டும். முதல் வரிசைக்காரர் காதில் விழக் கூடாது. அஞ்சலக ஊழியர் நாடகக் குழுவில் இருபத்தேழு வருடம் அந்த வேலையைச் செய்தவருக்குக் குழு வைத்த பெயர் ‘கிசுகிசு அக்கா’. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

அவர் ஒன்றும் விண்ணப்பம் போட்டு அதில் சேரவில்லை. புருஷனுக்குப் பார்சல் கவுன்ட்டரில் வேலை. எடை போடுவதிலும் முத்திரை குத்துவதிலும் மனுஷன் புலி; மனப்பாடம் மட்டும் சுட்டுப் போட்டாலும் வராது. ஆனால் நடிப்பு ஆசை ஆளை விட்டதா? கல்யாணமான நாலாம் நாளே மேடை ஏறிவிட்டார். அரங்கத்தில் இடம் கிடைக்காமல், புதுப் பெண்ணைத் திரை ஓரத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்திருந்தார்கள். பாதி வசனத்தில் புருஷன் வாயைப் பிளந்தபடி நின்றார். மூன்று நாளாக முகச்சவரம் செய்யும்போதெல்லாம் அவர் கண்ணாடியைப் பார்த்துக் கத்திய வசனம், இவருக்குக் கரதலப் பாடம். மனசு கேட்காமல் மெல்ல எடுத்துவிட்டார். அவர் கப்பென்று பிடித்துக்கொண்டார். திரை விழுந்ததும் குழுவின் செயலாளர் ஓடி வந்து, “நீங்க இனிமே எங்கயும் போகக் கூடாதும்மா” என்று கையில் நோட்டைத் திணித்துவிட்டார். அவ்வளவுதான் நியமன உத்தரவு.

மேடையில் விழும் மௌனம் மூன்று வகை என்பது கிசுகிசு அக்காவின் கண்டுபிடிப்பு. நடிகர் மோவாயைத் தூக்கினால் அது நடிப்பு. குறுக்கே வாயைத் திறக்கக் கூடாது. மூச்சை இழுத்து உள்ளேயே வைத்துக்கொண்டால் மறதி. உடனே எடுத்துக் கொடுக்க வேண்டும். மூன்றாவது வகை அபூர்வம். பேசிக்கொண்டிருக்கும்போதே நடிகருக்குத் தன் வீட்டு ஞாபகம் வந்து, வெளியே போன மூச்சு திரும்பாமல் நின்றுவிடும். அந்த மௌனத்துக்கு என்ன செய்வது என்பது மட்டும் இருபத்தேழு வருடத்திலும் அவருக்குப் பிடிபடவில்லை.

குழுவுக்குச் சோறு போட்ட நாடகம் ‘ஓர் ஆணி’. எழுதியவர் ஒரு தலைமை அஞ்சல் அதிகாரி. அதற்கு முன்னும் பின்னும் அவர் எழுதியதெல்லாம் சுற்றறிக்கைதான். ஒரே அங்கம், ஒரே அறை, நாலே பேர்: அப்பா, அம்மா, மகள், மருமகள். சுவரில் ஒரு காலண்டரை மாட்ட ஆணி அடிக்க வேண்டும். எங்கே அடிப்பது? நாற்பது நிமிடம் இதுதான் சண்டை. அப்பாவுக்கு ஜன்னல் பக்கம், அம்மாவுக்குச் சமையலறைப் பக்கம், மகளுக்கோ தன் கண்ணில் படாத எந்தப் பக்கமும் சரி. மருமகள் முழு நேரமும் சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். அவளுக்கு வசனம் ஒன்றே ஒன்று: “சரிங்க அத்தை.” அதையே பதினோரு தடவை சொல்வாள். கடைசியில் மூவரும் கோபித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போனதும், ஏற்கெனவே சுவரில் இருந்த, யார் கண்ணிலும் படாத ஒரு பழைய ஆணியில் காலண்டரை மாட்டிவிட்டுச் சுத்தியலைப் பெட்டியில் வைப்பாள். திரை. இருநூறு தடவைக்கு மேல் போட்டார்கள்; இருநூறு தடவையும் ஜனம் வயிறு வலிக்கச் சிரித்தது.

புத்தகமாக ஒரே ஒரு முறை அச்சாகி, பிரதிகளெல்லாம் கைமாறிக் கைமாறிக் காணாமல் போயின. கிசுகிசு அக்கா வைத்திருந்தது அவரே ஒரு நீள நோட்டில் பென்சிலால் எழுதிக்கொண்ட பிரதி.

அந்த நோட்டில்தான் வம்பு உட்கார்ந்திருந்தது. மேடையில் அந்த மருமகள் பதினோரு தடவை சொன்னாள் என்றால், வீட்டில் இந்த மருமகள் காலை காப்பிக்குள்ளேயே பதினொன்றைத் தாண்டிவிடுவார். மாமியாருக்கு ஒரு ‘சரிங்க அத்தை’, மாமனாருக்கு ஒரு ‘சரிங்க மாமா’, புருஷனின் அக்காவுக்கு ஒரு ‘சரிங்க அண்ணி’. உள்ளே கிடந்து பொருமியதையெல்லாம் எங்கே போய்க் கொட்டுவது? ஒத்திகையில் மணிக்கணக்காகச் சும்மா நிற்கும்போது, நோட்டில் ஒவ்வொரு ‘சரிங்க அத்தை’க்கும் கீழே, அந்த மருமகள் உண்மையில் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பதை இரண்டு வரி, மூன்று வரி என்று எழுதி வைத்தார். அதே பென்சில், அதே கையெழுத்து. எழுதி முடித்ததும் மனசு லேசாகிவிடும். வீட்டுக்குப் போய்ச் சிரித்த முகமாகப் பாத்திரம் கழுவுவார். இரண்டு மூன்று வருடத்தில் நாடகம் முழுவதும் நாக்கில் ஏறிவிட்டது. அப்புறம் நோட்டைக் கையில் பிடிப்பது வெறும் பழக்கம். பக்கத்தைப் பார்ப்பதே இல்லை. மாமனார் மாமியார் காலமானார்கள். ஒன்பது வருடம் முன்பு புருஷனும் போய்ச் சேர்ந்தார், குழுவும் கலைந்தது. நோட்டு பீரோவின் மேல்தட்டுக்குப் போனது. அதற்குள் எழுதியதும் மறதிக்குப் போனது.

வீட்டில் மிஞ்சியது இரண்டே பேர். கிசுகிசு அக்கா, வயது ஐம்பத்தெட்டு. புருஷனின் அக்கா, வயது அறுபது, கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவர். டீச்சரின் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஆறாம் வகுப்பில் வாய்ப்பாடு சொன்னால் எட்டாம் வகுப்பு திருப்பிச் சொல்லும். ஒருவர் கத்திப் பேச, ஒருவர் கிசுகிசுக்க, எதிர்வீட்டுக்காரர்கள் ரொம்ப நாள் டீச்சர் தனியாகப் பேசிக்கொள்கிறார் என்றே நினைத்திருந்தார்கள். இப்படி எல்லாவற்றிலும் ஓசைப்படும் டீச்சர் ஒன்றே ஒன்றை மட்டும் ஓசைப்படாமல் செய்வார். கதவைச் சாத்துவது. தாழ்ப்பாளை ஒரு கையால் பிடித்து, பலகையை மறு கையால் தாங்கி, தூங்கும் குழந்தையைக் கிடத்துகிற மாதிரி சாத்துவார். காரணம் பின்னால் வருகிறது.

ஒரு நாள் பழைய நாடகங்களை மறுபதிப்பு செய்கிற பதிப்பாளர் ஒருவர் வீடு தேடி வந்தார். ‘ஓர் ஆணி’யை எங்கெங்கோ தேடிவிட்டாராம், பிரதி இல்லை, கடைசியாக நம்பிக்கை இவரிடம்தானாம். கிசுகிசு அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்டூலில் ஏறி நோட்டை எடுத்து, தூசி தட்டி, புடவைத் தலைப்பால் ஒரு தடவை துடைத்து, இரண்டு கையாலும் கொடுத்தார். ஒரு பக்கத்தைப் புரட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. சந்தோஷத்தில் மனுஷருக்குப் புத்தி கொஞ்சம் தூங்கிவிடுகிறது.

பதிப்பாளரின் அலுவலகத்தில் தட்டச்சு செய்த பெண்ணுக்கு வயது இருபத்துமூன்று. நாடகத்தை அவள் பார்த்ததே இல்லை. ஒரே பென்சில், ஒரே கையெழுத்து என்று இருந்ததை ஒரு எழுத்து விடாமல் அடித்துக் கொடுத்தாள். அவளை என்ன சொல்வது? வேலையைச் சுத்தமாகச் செய்ததுதான் அவள் செய்த குற்றம்.

புத்தகம் கைக்கு வருவதற்கு முன்பே ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் மதிப்புரை வந்துவிட்டது. டீச்சர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வழக்கப்படி தெருவுக்கே கேட்கும்படி வாசித்தார்.

“‘இந்த நாடகத்தின் உயிர் அந்த மருமகள்தான். ஒவ்வொரு சரிங்க அத்தைக்குப் பின்னாலும் அவள் பார்வையாளர்களைப் பார்த்துச் சொல்லும் வசனங்கள் அபாரம். தன் காலத்தைத் தாண்டி யோசித்த ஆசிரியர்! ஆனால் மேடையில் பார்த்தவர்கள் யாருக்கும் இந்த வசனங்கள் நினைவில்லை. இவற்றை வெட்டிய பாவி யார்?’ கேட்டியா? யாரு வெட்டினா?”

கிசுகிசு அக்கா கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தார். “மருமகளுக்கு ஏது அண்ணி வசனம்?”

“இதோ போட்டிருக்கானே! ‘சர்க்கரை டப்பாவுக்குள்ள எங்க நாத்தனார் பென்சிலால கோடு போட்டு வச்சிருக்காங்க. நான் எடுத்துத் தின்னா சர்க்கரை குறையும். அவங்களே எடுத்துத் தின்னா கோடு இறங்கும்.’” டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஐயோ! இப்படியும் ஒருத்தி இருப்பாளா!”

கிசுகிசு அக்கா அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்த டப்பா இன்றைக்கும் அவர்கள் அடுக்களையில்தான் இருக்கிறது. உள்ளே கோடும் இருக்கிறது. போட்டவர் எதிரில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார்.

அடுத்த நாலு நாள் அவர் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. இன்னும் என்னென்ன எழுதினோம்? குழம்பு கிண்டும்போது ஒன்று ஞாபகம் வரும்; ‘ஐயையோ’ என்று கரண்டியோடு நிற்பார். துணி உலர்த்தும்போது இன்னொன்று வரும். வியாழக்கிழமை பதிப்பாளர் அனுப்பிய பத்துப் பிரதி வந்தது. டீச்சர் கடைக்குப் போயிருந்தார். கிசுகிசு அக்கா கட்டைப் பிரித்து நின்ற இடத்திலேயே வாசித்தார். முதல் பத்துப் பக்கத்தில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நல்லாத்தான் எழுதியிருக்கோம் என்று ஒரு கர்வம்கூட எட்டிப் பார்த்தது. இருபத்துமூன்றாம் பக்கம் வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அங்கே கடிகாரம் இருந்தது.

முப்பத்தாறு வருடத்துக்கு முந்தைய சங்கதி. மாமனார் உயிராக வைத்திருந்த சுவர்க் கடிகாரம் ஒன்று கூடத்தில் மாட்டியிருந்தது. ஒரு நாள் பிற்பகல் புது மருமகள் அதைத் துடைக்க எடுத்தார். கை வழுக்கியது. விழுந்தது, கண்ணாடி உடையவில்லை, ஆனால் உயிர் போய்விட்டது. பயந்துபோய் அப்படியே எடுத்து, ஆணியில் அரையும் குறையுமாகத் தொங்க விட்டுவிட்டு அடுக்களைக்குள் ஓடிவிட்டார். சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தார் டீச்சர். அப்போதெல்லாம் டீச்சர் வீட்டுக்கு வந்துவிட்டார் என்பதைக் கதவுதான் ஊருக்குச் சொல்லும். எட்டு வீட்டுக்குக் கேட்கும்படி ஒரு அறை. அன்றைக்கும் அறைந்தார். மாமனார், மாமியார், புருஷன் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடிகாரம் ஆணியை விட்டுக் கழன்று பொத்தென்று விழுந்து சுக்குநூறானது.

மாமனார் ஒரு வாரம் பெண்ணோடு பேசவில்லை. ‘கடிகாரத்தைக் கொன்னவ’ என்று டீச்சருக்குப் பெயர் விழுந்தது. விளையாட்டாகச் சொன்னதுதான், ஆனால் சாகும்வரை சொன்னார்கள். அன்றிலிருந்து கதவை இரண்டு கையாலும் பிடித்துச் சாத்த ஆரம்பித்த டீச்சர் அந்தப் பழக்கத்தை விடவே இல்லை. இதோ சொல்லலாம், அதோ சொல்லலாம் என்று கிசுகிசு அக்கா தள்ளிப் போட்டார். ஒரு மாதம் தள்ளிப் போட்ட உண்மையைச் சொல்ல நாக்கு கூசும்; ஒரு வருடம் தள்ளிப் போட்டதற்கு வாயே வராது. நோட்டில் எழுதிவிட்டு, சொல்லிவிட்டதாக மனசை ஏமாற்றிக்கொண்டார். அவ்வளவுதான்.

இப்போது அந்த வீட்டில் அவருக்கு இருப்பது டீச்சர் ஒருவர்தான். காய்ச்சல் வந்தால் நெற்றியில் கை வைக்கவும், கீரை முற்றல் என்று சண்டை போடவும், சினிமாவில் யார் கொலைகாரன் என்று பந்தயம் கட்டவும் வேறு ஆள் கிடையாது. இதைப் படித்துவிட்டு அந்த மனுஷி முகத்தைத் திருப்பிக்கொண்டால், மிச்ச ஆயுசுக்கு இந்தச் சுவரோடுதான் கிசுகிசுக்க வேண்டும். பத்துப் பிரதியையும் அரிசி டிரம்முக்குள் புதைத்து, மேலே அரிசியைப் பரப்பி, மூடியின் மேல் அம்மிக்கல் கனத்துக்கு ஒரு சாமானைத் தூக்கி வைத்தார்.

அப்புறம் பதிப்பாளரிடம் ஓடினார். புத்தக வெளியீடு ஞாயிற்றுக்கிழமை காலை, நூலக அரங்கில். அங்கே நாடகத்தை நாலு பேர் மேடையில் வாசிப்பதாக ஏற்பாடு.

“ஐயா, அந்த மருமகள் பேசுறதெல்லாம் நாடகம் இல்லைங்க. எங்க வீட்டுக் கதை. நான் எழுதினது.”

பதிப்பாளர் உருகிப் போனார். “இதைத்தாம்மா எல்லாரும் சொல்றாங்க! என் மனைவி படிச்சிட்டு எங்க வீட்டுக் கதைன்னா. மருந்துக்கடைக்காரர் அவர் வீட்டுக் கதைங்கறார். அதுதாம்மா காவியத்துக்கு அடையாளம்!”

“இல்லைங்க, நெசமாவே எங்க வீடு. அந்தச் சர்க்கரை டப்பா இன்னும் இருக்கு.”

“எல்லார் வீட்டுலயும் இருக்கும்மா!” என்றார் அவர், கண் பளபளக்க. “உங்களுக்கு ஒரு சந்தோஷச் செய்தி. மருமகளா வாசிக்கப் போறது யாரு தெரியுமா? உங்க அண்ணி! நேத்து கடையில பார்த்தேன். அந்தக் குரல் இருக்கே, மைக்கே வேண்டாம்!”

கிசுகிசு அக்கா செருப்பைக் கால் மாற்றி மாட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்.

வீட்டில் டீச்சரோ சொர்க்கத்தில் மிதந்துகொண்டிருந்தார். “ஒத்திகையா? எனக்கா? முப்பத்தஞ்சு வருஷம் அறுபது பிசாசுங்களுக்கு முன்னாடி நின்னவ நான். அங்க போய்ப் புத்தகத்தை வாங்கினேனா, பிரிச்சேனா, வாசிச்சேனான்னு இருக்கணும். முன்னாடியே படிச்சா ருசி போயிடும். சரி, நமக்கு இன்னும் புத்தகம் அனுப்பலையா அந்த ஆளு?”

“வரலையே அண்ணி” என்றார் கிசுகிசு அக்கா, அரிசி டிரம்மைப் பார்க்காமல்.

அதோடு நிற்கவில்லை. ஒரு பிரதியைத் தோண்டி எடுத்து, பிளேடால் இருபத்துமூன்றாம் பக்கத்தை நறுக்கென்று வெட்டிக் கைப்பையில் வைத்துக்கொண்டார். டீச்சர் கையில் இந்தப் பிரதியைக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது கவலை. ஞாயிற்றுக்கிழமை அரங்கில் டீச்சர் மேடையேறும்போது அதை ஒப்படைக்கவும் செய்தார். டீச்சர் பிரித்தார், உள்ளேயிருந்து நாலைந்து அரிசி உதிர்ந்தது. “இது என்ன, புத்தகமா ரேஷன் மூட்டையா?” என்று அவர் புருவத்தைத் தூக்குவதற்குள் பதிப்பாளர் பாய்ந்து வந்து, “அது பழைய கட்டும்மா, உங்களுக்குப் புதுசு வச்சிருக்கேன்” என்று ரிப்பன் கட்டிய பிரதி ஒன்றைக் கையில் வைத்துவிட்டார்.

வேறு வழியில்லை. கிசுகிசு அக்கா பழைய பழக்கத்தில் மேடையின் ஓரத் திரைக்குப் பின்னால் போய் நின்றார்.

அப்பாவாக மருந்துக்கடைக்காரர், அம்மாவாகப் பதிப்பாளரின் மனைவி, மகளாக அந்தத் தட்டச்சுப் பெண். மருமகளாக டீச்சர், கையில் நிஜச் சுத்தியலோடு. முதல் ‘சரிங்க அத்தை’யிலேயே அரங்கம் குலுங்கியது. அவ்வளவு அடக்கமான இரண்டு சொல்லை அவ்வளவு பெரிய தொண்டையில் அதுவரை யாரும் கேட்டதில்லை. சர்க்கரை டப்பாவுக்குக் கைதட்டல். ‘எங்க நாத்தனார் குறட்டையே விட மாட்டாங்களாம், எதிர்வீட்டு நாய்தான் பயந்து போய் இடம் மாறிடுச்சாம்’ என்றபோது பின்வரிசையில் ஒருவர் நாற்காலியோடு சரிந்தார். டீச்சரும் ஒவ்வொரு வரியையும் ருசித்து, அந்த நாத்தனாரை நார் நாராகக் கிழித்துக்கொண்டிருந்தார். தன்னைத்தான் கிழிக்கிறோம் என்ற சந்தேகம் எள்ளளவும் இல்லை. கிசுகிசு அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்தன. பக்கம் புரள்வதை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தார். பத்தொன்பது. இருபத்தொன்று.

“சரிங்க அத்தை” என்றார் டீச்சர், எட்டாவது தடவையாக. அரங்கத்தைப் பார்த்துத் திரும்பினார். “கடிகாரத்தைக் கதவா உடைச்சது? அது நாலு பத்துக்கே நின்னுபோச்சு...”

அங்கே நின்றார்.

ஜனம் காத்திருந்தது. டீச்சர் மோவாயைத் தூக்கவில்லை. மூச்சை உள்ளே இழுத்துக்கொள்ளவும் இல்லை. மூச்சு வெளியே போயிருந்தது; திரும்பி வரவில்லை. அது மூன்றாவது மௌனம்.

முன்வரிசையில் ஒருவர் இருமினார். மருந்துக்கடைக்காரர் தன் புத்தகத்தைப் புரட்டினார். அடுத்த வரி கிசுகிசு அக்காவுக்குத் தெரியும். உலகத்தில் அவரைத் தவிர வேறு யாருக்கும் அதை எடுத்துக் கொடுக்கும் யோக்கியதை கிடையாது. முதல் இரண்டு சொல்லை மெல்ல விட்டால் போதும், டீச்சர் சுதாரித்துக்கொண்டு வாசித்துவிடுவார், மற்றதை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். வாயைத் திறந்தார். ஆனால் அந்த வரியை டீச்சர் வாயால் சொல்ல வைப்பது அநியாயம் என்று அந்த நொடியில் பட்டது. முப்பத்தாறு வருடம் சுமந்தது போதாதா அந்த மனுஷி?

திரையை விலக்கிக்கொண்டு மேடைக்கு வந்தார். “அண்ணி வந்து கதவைச் சாத்தினது அஞ்சரைக்கு” என்றார். கிசுகிசுப்பாக அல்ல. கடைசி வரிசைக்குக் கேட்டது. வாசலில் நின்ற காவலாளிக்குக் கேட்டது. “கடிகாரத்தை உடைச்சது நான்தான்.”

டீச்சர் மெல்லத் திரும்பினார். “எப்படி?”

“துடைக்கிறப்ப கை வழுக்கிடுச்சு. திருப்பி மாட்டி வச்சிட்டேன்.”

“நாலு பத்துக்கா?”

“நாலு பத்துக்கு.”

“முள்ளு நாலு பத்துல நின்னுச்சே... அதை நான் பார்க்கலையே!” டீச்சரின் குரல் உடைந்து கூரைக்குப் போனது. “கணக்கு டீச்சர் நான்! எங்கப்பா பார்க்கல, சரி. நான் பார்க்கலையே!”

அரங்கம் வெடித்தது. இதெல்லாம் நாடகத்தில் வருகிறது என்றே எல்லோரும் நினைத்தார்கள். மருந்துக்கடைக்காரர் மட்டும் பக்கத்தை முன்னும் பின்னும் தள்ளி, “இது எந்தப் பக்கம்மா? எனக்கு இது இல்லையே” என்று திருதிருவென்று விழித்தார். பதிப்பாளர் கீழே நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். டீச்சர் ஒரு நிமிடம் சுத்தியலைப் பார்த்தார். கிசுகிசு அக்காவைப் பார்த்தார். பிறகு புத்தகத்தைத் தூக்கிப் பிடித்து, விட்ட இடத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தார். மிச்சம் மூன்று ‘சரிங்க அத்தை’யையும் பிசகாமல் சொன்னார். காலண்டரைப் பழைய ஆணியில் மாட்டினார். ஜனம் எழுந்து நின்று தட்டியது. பதிப்பாளர் ஓடி வந்து, “அந்தக் கடிகாரக் கட்டம் பிரமாதம்மா! அடுத்த பதிப்புல சேர்த்துடலாமா?” என்று கேட்டார்.

பஸ் ஏறினார்கள். டீச்சர் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டார். டிக்கெட்டை இரண்டு பேருக்கும் சேர்த்து அவரேதான் வாங்கினார். ஆனால் இவர் டிக்கெட்டை இவர் மடியில் வைத்தாரே தவிர கையில் கொடுக்கவில்லை. கிசுகிசு அக்கா அந்தச் சீட்டைப் பிடித்துக்கொண்டு, ஊருக்குப் புறப்படுகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோதெல்லாம் பழைய கிசுகிசுப்புதான் வந்தது. பஸ் சத்தத்தில் அவருக்கே கேட்கவில்லை.

வீடு வந்தது. டீச்சர் பூட்டைத் திறந்து, உள்ளே ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினார்.

“நீ வெளியிலயே நில்லு.”

“அண்ணி...”

“நில்லுன்னேன்ல.”

நின்றார். கண் கலங்கிவிட்டது. டீச்சர் கதவைப் பிடித்தார். பழக்கத்தில் ஒரு கை தாழ்ப்பாளுக்கும் ஒரு கை பலகைக்கும் போனது. இரண்டு கையையும் எடுத்துவிட்டார். இரண்டடி பின்னால் போனார். காலைத் தூக்கினார்.

*தடார்!*

நிலை அதிர்ந்தது. எதிர்வீட்டு மாடியில் ஒருவர் எட்டிப் பார்த்தார். அடுக்களையில் ஒரு தட்டு உருண்டு உருண்டு படுத்தது. முப்பத்தாறு வருடத்து அறை அது. சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்தது.

கதவு திறந்தது. டீச்சரின் முகம் சிவந்து, தலைமுடி கலைந்து, இருபத்துநாலு வயசுப் பெண் போல இருந்தது.

“கேட்டுச்சா?”

“கே... கேட்டுச்சு அண்ணி.”

“எத்தனை வீட்டுக்கு?”

கிசுகிசு அக்கா தெருவைப் பார்த்தார். ஜன்னல் ஜன்னலாகத் தலைகள். “எட்டு வீட்டுக்கு.”

“எட்டுதானா? அந்தக் காலத்துல பத்து.” மறுபடியும் சாத்தினார். தடார். திறந்தார். தடார். மூன்றாவது தடவை திறந்தபோது சிரிப்பு அடக்க முடியாமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். “பாவி! எங்கப்பா போற வரைக்கும் என்னைக் கொலைகாரின்னாரு. நீ பக்கத்துல நின்னு அவருக்கு மருந்து கலக்கிக் குடுத்துக்கிட்டிருந்தே!”

“தப்புதான் அண்ணி. சொல்ல வாய் வரல.”

“வந்துச்சே இன்னைக்கு! இவ்வளவு பெரிய தொண்டையை வச்சுக்கிட்டு முப்பத்தாறு வருஷமா என்னைக் காதைத் தீட்ட வச்சியே, அதுக்குத்தான் உன்னை மன்னிக்கவே மாட்டேன்.” டீச்சர் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். கதவு அவர்களுக்குப் பின்னால் விரியத் திறந்து கிடந்தது. “நீ சாத்து.”

கிசுகிசு அக்கா பூப்போலத் தள்ளினார். கதவு சத்தமே இல்லாமல் பொருந்தியது.

“இதெல்லாம் ஒரு சாத்தலா? மறுபடியும். கடைசி வரிசைக்குக் கேட்கணும்.”

கிசுகிசு அக்கா கதவை அகலத் திறந்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இரண்டடி பின்னால் போனார்.

“சரிங்க அண்ணி” என்றார், தெருவுக்கே கேட்கும்படி.